மிச்சமிருந்த கண்

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. எருமப்பட்டிக்கு அப்பால், வடக்கே கொல்லிமலை தெரியும் மேட்டுக்காட்டில் எங்கள் தோட்டம் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, என் மாமியார், அப்புறம் மடியில் பால் குடிக்கும் என் தலைச்சன் பெண். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தத் தோட்டத்தில் அது பெரிய படிப்பு. ஏதாவது காகிதம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் சாணி அள்ளக் கூப்பிடுவார்கள்.

அந்தக் கோடையில் கிணறு அடியோடு வற்றியது. எங்கள் வட்டாரத்துக் கிணறுகளில் மேலாகக் கொஞ்சம் மண் இருக்கும், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. வற்றினால் பாறையை உடைத்து இன்னும் கீழே போக வேண்டியதுதான். மற்ற வருஷமாக இருந்தால் துளை போட்டு வெடிமருந்து திணித்து உடைப்பார்கள். சண்டை வந்த பிறகு மருந்து லேசில் கிடைக்கவில்லை. அதனால் அண்ணனும் தம்பியும் உளியும் சம்மட்டியுமாகத் தாங்களே இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து உளியைப் பிடித்துக்கொள்வார். தம்பி நின்று சம்மட்டியால் அடிப்பார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அந்தச் சத்தம் குழிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். குழந்தைகூட அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியிருந்தாள்.

ஒரு நாள் அவர் வழக்கத்துக்கு முன்பே மேலேறி வந்தார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

"தூசு உழுந்திருச்சு புள்ள, தண்ணி கொண்டா" என்றார்.

சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணைக் கழுவிவிட்டுத் திறந்து காட்டினார். கருவிழி ஓரத்தில் கடுகளவு சிவப்பு, அவ்வளவுதான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. சுள்ளுன்னு ஒண்ணு பட்டுது. அதோட செரி."

கம்மங்கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடியும் இறங்கிப் போனார். நானும் என் வேலையைப் பார்த்தேன். கண்ணில் பெரிய காயம் பட்டால் ரத்தம் கொட்டும், ஆள் துடிப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சத்தமில்லாமல் ஒரு துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

பொழுது சாயும்போது, "அந்தப் பக்கம் புகையாட்டமாத் தெரியுது" என்றார். என் மாமியார் மகனின் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்கு நுனியால் இமைக்குள் துழாவிப் பார்த்தார். தூசியை நாக்கால் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் என் மாமியார் பேர்போனவர். உழவின்போது கண்ணில் மண் விழுந்தவர்கள் பக்கத்து ஊரிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

"ஒரு தூசுமில்லியே சாமி. இது சூட்டுக் கண்ணு. பாலு உட்டாச் செரியாப் போயிரும்" என்றார்.

பால் என்றால் தாய்ப்பால். கண்ணில் எது வந்தாலும், நோவானாலும் சரி, சோளச்சுணை விழுந்தாலும் சரி, பிள்ளை பெற்றவளின் பாலில் இரண்டு சொட்டு விடுவார்கள். என் பெண் பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் பாலாடைச் சங்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். நானும் பெருமையாகப் பீய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என் வீட்டுக்காரருக்கே வேண்டியிருக்கிறது என்று பாலாடையைத் தேடி எழுந்தேன். மாமியார் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"ஏ அம்மிணி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பொண்டாட்டி பாலப் புருசங் கண்ணுல உடறதா? அப்பறம் நீ அவனுக்கு ஆத்தா மொறை ஆயிருவ. குடித்தனம் நடத்தறது எப்பிடி?"

எனக்கு அதுவரை அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். சரி, என் பால் வேண்டாம். கிழக்குத் தோட்டத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் அவருக்கு மாமன் மகள் முறை, கட்டிக்கொள்ளக் கூடியவள். அவள் பாலும் ஆகாது. அக்காள் தங்கை முறையில் ஒருத்தி வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு முறை பார்ப்பதுபோல யார் யாருக்கு என்ன உறவு, யார் எப்போது பிள்ளை பெற்றாள் என்று பார்த்தார்கள். கடைசியில் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அகப்பட்டாள். தங்கை முறை. பிள்ளை பெற்றுப் புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். புருஷன் வீடு எங்கே? காவிரிக் கரையில், ஜேடர்பாளையத்தில்.

என் கொழுந்தன் வண்டி கட்டிக்கொண்டு போனார். நாமக்கல்லைத் தாண்டி அவ்வளவு தூரம் மாடு நடந்து போய், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, பச்சைப்பிள்ளைக்காரியை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்து சேர வேண்டும். அதுவரை ஈரத்துணி ஒன்றைக் கண்மேல் போட்டுக்கொண்டு அவர் படுத்திருந்தார். நாமக்கல்லில் டாக்டர் இருந்தார். வண்டி அந்த டாக்டர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பால் தேடிப் போயிருக்கும். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் தாங்காது.

அந்தப் பெண் நல்ல பெண். வந்ததும் அண்ணன் கோலத்தைப் பார்த்து அழுதுவிட்டாள். காலையும் மாலையும் பாலாடையில் பீய்ச்சிக் கண்ணில் விட்டாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருக்கும். கண் நாளுக்கு நாள் மோசமானது. இமை தடித்துச் சிவந்தது. புருவத்துக்கு மேல் வலி ஏறி, அவர் தலையைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் போட மாட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய்ப் புகை கண்ணில் பட்டு அவர் இன்னும் துடித்தார்.

கடைசியில் வாயைத் திறந்தது பால் விட வந்த பெண்தான். ஒரு காலையில் பாலாடையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

"நங்கையா, கருமுழி மேல வெள்ளையாப் படிஞ்சிருக்குதுங்க. உள்ளுக்குள்ள சீயாட்டந் தெரியுது. இனி என்னால உட முடியாது. எனக்குப் பயமா இருக்குதுங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நான் நேராகப் போய் மாமியார் முன்னால் நின்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. குழந்தை பயந்து வீரிட்டது மட்டும் நினைவிருக்கிறது. மாமியார் போய் வேறு புடைவை கட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

நாமக்கல் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்த உடனே கையை எடுத்துவிட்டார். "நான் தொட மாட்டேன். இன்னைக்கே சேலம் போங்க" என்று சொல்லி அங்கே கண் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போகச் சொன்னார். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் அடுப்புமாதிரி ஒன்றை வைத்துக் கரி போட்டு ஓட்டுவார்கள். ராசிபுரம் போய்ச் சேருவதற்குள் எல்லார் முகமும் கறுத்துவிட்டது. அவர் தலைமேல் என் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டேன். புகை நுழையாமல் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனது.

சேலம் டாக்டர் நடுவயதுக்காரர். அதிகம் பேசாதவர். இருட்டறையில் உட்கார வைத்து விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"என்ன பட்டுச்சு?" என்று கேட்டார்.

"கல்லுத்தானுங்க. கெணத்துல கல்லு ஒடைக்கறப்பத் தெறிச்சுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"உளி பழசா? அடி வாங்கி வாங்கித் தலை காளான்மாதிரி விரிஞ்சிருக்குமே, அப்படி இருந்துச்சா?"

"ஆமாங்க. எல்லா உளியும் அப்பிடித்தானுங்க இருக்குது."

"அந்த விரிஞ்ச ஓரத்துல அடிச்சா இரும்புத் துணுக்கு தெறிக்கும். உங்க கண்ணுக்குள்ள போனது கல்லு இல்ல, இரும்பு. உள்ளேயே இருக்கு."

பிறகு என்னையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார். அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது, இனி வராது என்றார். அதை நான் வழியிலேயே எதிர்பார்த்துவிட்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு கண்ணுல இந்த மாதிரி ஆழமா காயம் பட்டா, சில பேருக்கு நல்லா இருக்கற கண்ணும் கூடவே கெட்டுப் போகும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. அடுத்த மாசம் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம், வராமலேயும் போகலாம். வந்துட்டா நிறுத்தறது கஷ்டம். பார்வை போன கண்ணை இப்பவே எடுத்துட்டா அந்தப் பயம் பெரும்பாலும் இல்ல. ஏற்கனவே நாள் ஓடிப் போச்சு. இன்னும் தள்ளிப் போடாதீங்க."

மடியில் குழந்தை இருக்கிறது என்பதே மறந்து எழுந்து நின்றேன், மாமியார் பிடிக்காவிட்டால் குழந்தை கீழே விழுந்திருக்கும். இரண்டு கண்ணும். அதுவரை நான் பயந்ததெல்லாம் ஒரு கண்ணுக்காக. ஒரு கண் போனால் இன்னொன்று இருக்கிறது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இன்னொன்றையும் இப்போது நம்ப முடியாது என்றால் என்ன செய்வது?

மாமியார் மாட்டேன் என்றார். "பட்ட கண்ணப் புடுங்குனா நல்ல கண்ணு தப்பிக்குமா? எந்த ஊரு நாயம் இது?" என்றார். என் வீட்டுக்காரரும் மாட்டேன் என்றார். பார்வை இல்லாவிட்டாலும் முழி இருக்கட்டும் என்றார். அன்று சத்திரத்தில் தங்கினோம். காலையில் எழுந்து ஊர் பஸ்ஸைப் பிடிப்பதென்று தாயும் மகனும் முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அவர் ஏன் மறுத்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் காரியமாகப் புறப்படுகிறவன் எதிரே ஒற்றைக் கண்ணன் வந்துவிட்டால் திரும்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். அப்படி ஒரு பண்டாரத்தைப் பார்த்து ஊரே முகத்தைத் திருப்பியதை அவரும் பார்த்திருக்கிறார். நாற்று விடப் போகிறவனும் பெண் பார்க்கப் போகிறவனும் தன்னைக் கண்டு திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்திருப்பார். அவருக்கும் பயம்தான். அவர் பயமும் என் பயமும் எதிரும் புதிருமாக நின்றன.

மறுநாள் காலை சத்திரத்து முற்றத்தில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வெயில் அப்போதுதான் மதில்மேல் ஏறியிருந்தது. அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கண்ணுக்கு மேலாகக் கையைத் தூக்கிப் பிடித்து வெயிலை மறைத்தார். நான் ஓடிப்போய் அந்தக் கையை விலக்கிப் பார்த்தேன். கண் லேசாகச் சிவந்திருந்தது. நீர் வழிந்தது.

"என்னுங்க இது?"

"வெளிச்சம் கூசுது. நேத்துப் பஸ்ஸுப் பொகையா இருக்கும்."

புகையாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்ற வேண்டும் என்று ஆசை. ஆனால் என் கண் எரியவில்லை, மாமியார் கண் எரியவில்லை, அதே பஸ்ஸில் வந்த குழந்தையின் கண்கூட எரியவில்லை. சத்திரத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, ஒத்தைக் கண்ணு எதுக்கால வந்தா ஆவாதுன்னுதான பயப்படறீங்க? நாந் தெனமும் காலைல உங்க எதுக்கால வாரேன். எனக்கு என்ன ஆவுதுன்னு பாக்கலாம். ஊரு திரும்பிப் போனாப் போகட்டும். கண்ணு ரெண்டும் போயிட்டா எம் மொகத்த எப்பிடிப் பாப்பீங்க? இவ மொகத்த எப்பிடிப் பாப்பீங்க?" என்று குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.

அவர் குழந்தையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். நாங்கள் பஸ் நிற்கும் பக்கம் போகாமல் டாக்டர் வீட்டுப் பக்கம் திரும்பினோம்.

டாக்டர் நல்ல கண்ணைப் பார்த்துவிட்டு, "புகையாவும் இருக்கலாம். அந்த நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். இப்ப நிச்சயமா சொல்ல முடியல" என்றார். அன்றே அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்று அசைந்தால் மற்ற பக்கமும் அசையுமாம், அதனால் ஓய்வு வேண்டுமாம்.

கட்டோடு அவர் படுத்திருந்த நாட்கள்தான் என் ஆயுசிலேயே மோசமானவை. கஞ்சியை நான் ஊட்ட வேண்டும். நடக்க நான் கை கொடுக்க வேண்டும். சுவர் எங்கே, கட்டில் எங்கே என்று கையால் தடவுவார். குழந்தையைக் கொடுத்தால் காது, மூக்கு, உச்சிக்குழி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இதுவே நிரந்தரமாகிவிட்டால் என்ற நினைப்பு வரும். உடனே எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன். அழுதால் அவருக்குக் கேட்டுவிடும். கண் தெரியாதவருக்குக் காது கூர்மை என்று யாரோ சொன்னது வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும். கண் தெரியாதவர் என்று நானே அவரை நினைத்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

கட்டு அவிழ்த்த அன்று மாமியார் உள்ளே வர மறுத்துவிட்டார். நான்தான் நின்றேன். டாக்டர் கடைசிப் பஞ்சை எடுத்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அது என் பக்கம் திரும்பியது. ஆனால் என்மேல் நிற்கவில்லை.

"எல்லாம் பொகையா இருக்குதுங்க. பக்கத்துல ஒண்ணுமே தெரியல" என்றார்.

டாக்டர் அவசரமாக, "பயப்படாதீங்க. கண்மணி விரியறதுக்கு மருந்து விட்டிருக்கேன். அது இருக்கறவரைக்கும் கிட்டத்துல மங்கலாத்தான் இருக்கும். போகப் போகத் தெளியும்" என்றார். நான் அதை நம்பவில்லை. ஒருத்தி உடைந்துபோய் நிற்கும்போது டாக்டர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் தூங்கும்போதுகூட இமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழித்தால், "இது என்னுங்க? இது எத்தன வெரலுங்க?" என்று கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினேன்.

ஒரு காலையில் நான் விரலைத் தூக்குவதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பார்வை என் கன்னத்தில் நின்றது, கழுத்தில் நின்றது, கையில் நின்றது.

"ஏம்புள்ள, இப்பிடி வத்திப் போயிட்டே?" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஊருக்குப் புறப்படுமுன் டாக்டர் சில விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். நல்ல கண் சிவந்தாலோ கூசினாலோ மங்கினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும். கண்ணில் எது பட்டாலும் சுத்தமான தண்ணீரால் கழுவுவதோடு சரி. உள்ளே குத்தியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தேய்க்கவும் கூடாது, நாக்கால் துழாவவும் கூடாது, பாலோ எண்ணெயோ எதுவும் விடக் கூடாது. உளியின் தலை விரிந்தால் தட்டி அராவி ஓரத்தை எடுத்துவிட வேண்டும். கல் உடைக்கும்போது கம்பி வலைக் கண்ணாடி போட வேண்டும். ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவர்களில் சிலர் போட்டிருப்பார்களே, அது. சேலம் கடைவீதியில் இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினோம். சண்டைக் காலத்தில் அது எங்கே கிடைக்கிறது? கடைசியாக ஒரு கடையில் ஒன்றே ஒன்று கிடைத்தது.

வீட்டுக்கு வந்து நான் முதலில் போய்ப் பார்த்தது உளிகளைத்தான். மாட்டுக்கொட்டகை மூலையில் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையும் விரிந்து, ஓரம் கிழிந்து, அங்கங்கே துணுக்கு பெயர்ந்த இடம் பளபளவென்று தெரிந்தது. இரும்பு கிடைக்காத காலத்தில் அராவி வீணாக்குவானேன் என்று விட்டிருந்தார்கள். அதில் எந்தப் பள்ளத்திலிருந்து அந்தத் துணுக்கு போனதோ என்று தொட்டுப் பார்த்தேன். கை கூசியது. அன்றே கொழுந்தனிடம் கொடுத்து ஆசாரியிடம் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு பாலாடையோடு என்னிடம் வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். எனக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். யாராவது தூசி எடுக்கத் தேடி வந்தால் மாமியாரும் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்.

மழை வரவில்லை. மாட்டுக்குக் குடிக்கக்கூடத் தண்ணீர் தூரத்திலிருந்து வந்தது. கிணற்றில் இறங்காமல் முடியாது. ஒரு கண் போனதால் சம்மட்டி அடி அவருக்குக் குறி தவறியது. அதனால் பழையபடி அவர் உளி பிடிக்க, தம்பி அடித்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்குவதை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். அப்புறமும் நிம்மதி கிடையாது. சத்தம் கேட்டால் பயம். சத்தம் நின்றால் அதைவிடப் பயம்.

ஒரு நாள் கஞ்சிக் கலயத்தோடு கிணற்று மேட்டுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். கண்ணாடி கொழுந்தன் முகத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் வெறும் முகத்தோடு, மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணோடு, சம்மட்டி விழுகிற இடத்துக்கு நேராகக் குனிந்து உளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் தூக்கிய சம்மட்டி அப்படியே நின்றது.

"கண்ணாடி எங்கீங்க?"

"இவனுக்குப் போட்டு உட்டேன்" என்றார் அவர், மேலே பார்க்காமலேயே. "எனக்கு ஒண்ணு போனது போச்சு. இவன் இன்னுங் கண்ணாலங்கூடப் பண்ணாதவன். இவனுக்காவது ரெண்டும் இருக்கட்டும்."

"நான் வேண்டாமுன்னுதானுங்க சொன்னேன் நங்கையா. அண்ணன் கேக்க மாட்டீங்குது" என்றார் கொழுந்தன், அழாத குறையாக.

அந்தப் பையன் முகத்திலிருந்து அதைக் கழற்று என்று சொல்ல வாய் வரவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"ரெண்டு பேரும் மேல வாங்க. வராட்டி புள்ளையத் தூக்கிட்டு நானும் கீழ வாரேன். மூணு பேரும் மொகத்தக் காட்டிட்டு உக்காந்திருக்கலாம்" என்று கத்தினேன்.

முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார்கள். வேலை கெட்டதென்று அவருக்கு எரிச்சல். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருவரும் கஞ்சி குடிக்கும்போது எங்கள் மூவர் பேச்சும் மாமியார் காதில் விழுந்திருக்கிறது. அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் கம்பிச் சல்லடை இருந்தது. அவருடைய அம்மா வீட்டிலிருந்து சீராக வந்தது, பித்தளை விளிம்பு போட்டது. அதில் ராகி மாவு சலிக்க என்னையே அவர் விட்டதில்லை. யாருக்கும் இரவல் கொடுத்ததும் இல்லை.

சல்லடையையும் தகடு வெட்டும் கத்தரியையும் என் முன்னால் வைத்தார்.

"அறு அம்மிணி. மாவு சலிக்காமத் தின்னா ஆரும் செத்துற மாட்டோம்" என்றார்.

நான் விளிம்பைக் கழற்றிவிட்டு வலையை விரித்தேன். ஒரு ஓரத்தை மடித்துத் துணி வைத்துத் தைத்தால் முகத்தில் குத்தாது, பின்னால் நாடா கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மாமியார் அந்த வலையை வாங்கி மகன் முகத்தில் வைத்து அளவு பார்த்தார். முதலில் வலது பக்கம் வைத்தார். கண்ணுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்தி அடையாளம் செய்தார்.

பிறகு வலையை நகர்த்தி, காலியாக ஒட்டிக் கிடந்த இடது இமைக்கு மேலும் வைத்து, அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து அறுக்கச் சொன்னார்.